பின்னறைக் கேமரா

பிப்ரவரி 4

தம்பிக்கு,

சுகமா என்று கேட்க இன்று மனம் வரவில்லை. சுகமாகத்தான் இருப்பாய்.

காலையில் நம் ரப்பர் ஸ்டாம்ப் கடைக் கவுண்டரில் ஒரு வக்கீலுக்கு அவருடைய ஸ்டாம்பை அடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. ஒரு பெண், தேன் தடவின குரல். "உங்கப்பாவுக்கு ஜன்னலோரக் கட்டில் ரெடி மேடம். எப்பக் கூட்டிட்டு வர்றீங்க?" என்றாள். எந்தக் கட்டில், எந்த அப்பா, தப்பான நம்பரா என்றெல்லாம் கேட்டேன். "முதியோர் இல்லத்திலிருந்து பேசறோம். உங்க தம்பிதான் பேரு பதிஞ்சு வச்சிருக்காரு, உங்ககிட்ட சொல்லலையா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்த ஸ்டாம்ப் நழுவி வக்கீலின் சட்டைக் கையில் அவர் பெயரையே பதித்துவிட்டது. அந்த மனுஷன் நல்லவர், சிரித்துக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? போன மாதம் அப்பா நாற்காலியிலிருந்து விழுந்தது உண்மைதான். விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்தது நான். இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு அவருக்குக் கட்டில் பார்த்தது நீ. பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போனால் மனுஷனை மூட்டை கட்டி அனுப்பிவிடலாம் என்று உனக்கு யார் சொன்னது?

இனி போன் செய்யாதே. போனில் நீ கத்துவாய், நான் அழுவேன், டிசைன் செய்கிற பொண்ணு மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். சொல்ல வேண்டியது இருந்தால் எழுது. எழுதும்போதாவது ஒரு தடவை யோசிப்பாய்.

கோபம் ஆறாத,
அக்கா


பிப்ரவரி 10

அக்கா,

கேட்காமல் செய்தது தப்பு. ஆனால் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

அப்பா எப்போது விழுந்தார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார். நீ பென் டிரைவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போன நேரத்தில். கவுண்டரில் ஆர்டர் எழுதுகிறாய், அதை மாடிக்குக் கொண்டுபோகிறாய், அந்தப் பொண்ணு டிசைன் செய்ததைத் திரும்பக் கொண்டுவருகிறாய், வாடிக்கையாளரிடம் காட்டுகிறாய், பிறகு பின்னறை மெஷினுக்கு ஓடுகிறாய். ஒரு ரப்பர் ஸ்டாம்புக்கு எத்தனை தடவை படி ஏறி இறங்குகிறாய்! மாமா பஸ் ஓட்டப் போனால் ராத்திரிதான் வருகிறார். பகல் முழுக்க அப்பாவைப் பார்க்க ஆள் ஏது? அந்த இல்லத்தில் நர்ஸ் இருக்கிறார்கள். தோட்டம் இருக்கிறது. அவர் வயதில் ஆட்கள் இருக்கிறார்கள். நான் ஒன்றும் அவரைக் காட்டில் விடச் சொல்லவில்லை.

சரி, சண்டையை விடு. கட்டிலை மார்ச் கடைசி வரை பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் கவுண்டரை விட்டு எழுந்திருக்காமலே உன்னால் கடையையும் அப்பாவையும் பார்க்க முடிந்தால், நான் வாயைத் திறக்கமாட்டேன். முடியவில்லை என்றால் நீ வாயைத் திறக்கக்கூடாது.

அதற்கான சாமான்களைப் பார்சலில் அனுப்புகிறேன். எங்கள் ஆபீஸில் கழித்துப் போட்ட இரண்டு கம்ப்யூட்டர்கள், மெமரி ஏற்றியிருக்கிறேன், நன்றாக ஓடும். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற, எட்டு ஓட்டை உள்ள ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டி. ஒரு சுருள் கேபிள், முனைக்கு மாட்டுகிற கண்ணாடி மாதிரியான கனெக்டர்கள், அவற்றை நசுக்கி இறுக்குகிற கருவி. புதிதாக எதுவும் வாங்காதே. கடைக்காரன் சர்வர் வேண்டும் என்பான், அது வேண்டும் இது வேண்டும் என்பான். தலையை ஆட்டிவிட்டு வந்துவிடு. மூன்று கம்ப்யூட்டருக்கு சர்வர் எதற்கு? கவுண்டர் கம்ப்யூட்டரிலேயே ஒரு ஃபோல்டரைப் பொதுவாக வைத்துவிட்டால் மாடியிலும் பின்னறையிலும் அதைத் திறக்கலாம். இப்போது இருக்கிற பிரிண்டரே எல்லாருக்கும் போதும்.

கேபிளைக் கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாதே, தள்ளி இழு. உள்ளே எட்டு மெல்லிய கம்பி இருக்கும். கனெக்டரின் கிளிப் கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, இடமிருந்து வலம்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே வரிசை. மாற்றிவிடாதே.

கேமராவுக்கு உன் பழைய மொபைல் போதும். அதை வைஃபையில் சேர்த்துப் பின்னறையில் அப்பா எதிரே அலமாரியில் நிறுத்து, கவுண்டர் திரையிலேயே அவர் தெரிவார். என்ன செய்ய வேண்டும் என்று தனித்தாளில் படம் போட்டிருக்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

உன் படத்தைப் பார்த்து எனக்குப் பாதி புரிந்தது. மீதியைத் திட்டிக்கொண்டே புரிந்துகொண்டேன்.

உன் அருமை மாமா லீவு போட்டுச் சுவரில் துளை போட்டார். துளை போட்டது ஒரு சுவரில், கேபிள் வர வேண்டியது இன்னொரு சுவரில். இப்போது கவுண்டருக்குப் பின்னால் யாருக்கும் பயன்படாத ஒரு ஓட்டை இருக்கிறது. அதன் வழியே கழிவறைக் கதவு தெரிகிறது. சிமென்ட் வைத்து அடைக்கச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு நாளைக்கு என்கிறார்.

கனெக்டர் மாட்டியது நான்தான். முதல் கேபிளைச் செருகினேன், ஸ்விட்சில் விளக்கு எரியவில்லை. வரிசையைச் சரிபார்த்தேன், சரி. இன்னொரு தடவை பார்த்தேன், சரி. கடைசியில் டிசைன் பொண்ணுதான் கண்டுபிடித்தாள். "அக்கா, ஒரு முனையில கிளிப் கீழ இருக்கு, இன்னொண்ணுல மேல இருக்கு. வரிசை தலைகீழாப் போயிருச்சு" என்றாள். ஸ்டாம்ப் கடை நடத்துகிறவளுக்கு இடமும் வலமும் புரளுகிற விஷயத்தில் சந்தேகம் வரலாமா? வெட்கமாகப் போய்விட்டது. வெட்டிப் போட்டு மறுபடி மாட்டினேன். பச்சை விளக்கு மினுக்கென்று எரிந்தபோது நான் கைதட்டிவிட்டேன். நம்பமாட்டாய்.

இப்போது ஆர்டரைக் கவுண்டரிலேயே அடிக்கிறேன், அது மாடியில் அவள் திரையில் நிற்கிறது. அவள் அனுப்பினால் பின்னறை மெஷினுக்குப் போகிறது. என் முழங்கால் உனக்கு நன்றி சொல்கிறது. நான் சொல்லவில்லை.

கேமராவில் ஒரு குறை. பழைய மொபைலின் பின்பக்கக் கேமரா கண்ணாடி உடைந்திருக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? அதனால் செல்ஃபி எடுக்கிற முன்பக்கக் கேமராவைத்தான் வைத்தேன். படம் நன்றாகத் தெரிகிறது. ஆனால் எல்லாம் இடம் வலமாகத் தெரிகிறது. ஜன்னல் இந்தப் பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் காட்டுகிறது. அப்பா நாற்காலியில் இடது பக்கம் சாய்ந்தால் வலது பக்கம் சாய்கிற மாதிரி தெரிகிறது. அவசரத்தில் ஓடிப் போய்த் தப்பான பக்கம் பிடிப்பேன் போலிருக்கிறது. இதை எப்படிச் சரிசெய்வது என்று எழுது.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேபிள் இழுக்கும்போது பின்னாலேயே கண் வந்தது. அவருக்குப் பயிற்சி சொல்லித் தருகிறவர் கொடுத்த வெள்ளைப் பலகையை நாற்காலிக்கு இடப்பக்கச் சுவரில் மாட்டியிருக்கிறேன். இடது கையால் தினமும் கிறுக்குகிறார். கையாவது அசைகிறதே என்று விட்டுவிடுகிறேன். கடை மூடும்போது "சூப்பர்ப்பா, நல்லா எழுதியிருக்கீங்க" என்று சொல்லித் துடைத்து வைப்பேன். முன்பு பலகை நிறையக் கிறுக்குவார். இந்தச் சில மாதமாக ஒரே ஒரு வரிதான். அதுவும் தினமும் ஒரே மாதிரிக் கிறுக்கல். மெஷின் சூடு அவருக்குத் தாங்காது என்று ஃபேனை நேராக அவர் மேல் படும்படி முழு வேகத்தில் வைத்திருக்கிறேன். குறையில்லாமல் பார்த்துக்கொள்கிறேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்.

அக்கா


பிப்ரவரி 26

அக்கா,

நீயே கேபிள் மாட்டினாய் என்று படித்து என் கூட வேலை செய்பவரிடம் பெருமையாகச் சொன்னேன். அதற்காகக் கட்டிலை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நெட்வொர்க் நர்ஸ் ஆகாது. அவர் விழுவதைக் கேமரா காட்டும், பிடிக்காது.

இடம் வலம் மாறுவது ஒன்றும் கோளாறு இல்லை. முன்பக்கக் கேமரா கண்ணாடியில் பார்ப்பது மாதிரித்தான் காட்டும். செட்டிங்ஸில் 'மிரர்' என்று ஒரு வரி இருக்கும், அதன் பக்கத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடு. இரண்டு நிமிட வேலை. இன்றே செய்.

அந்தப் பலகையைப் பற்றி எழுதாதே. போன தடவை வந்தபோது அப்பா அதில் எதையோ கிறுக்கிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் உன்னை மாதிரிதான், "நல்லா இருக்குப்பா" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று இரவு பஸ்ஸில் எனக்குத் தூக்கம் வரவில்லை. நாற்பது வருடம் எழுத்தை வைத்துப் பிழைத்த மனிதர், அந்தக் கிறுக்கல். எனக்குப் பார்க்கத் தெம்பில்லை. கோழை என்று வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

தம்பி


மார்ச் 3

தம்பி,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உனக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அப்புறம் நீ திரும்ப அழைத்தபோது, எழுதியே சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நீ சொன்ன டிக்கை நான் எடுக்கவில்லை. நாளைக்குச் செய்யலாம், நாளைக்குச் செய்யலாம் என்று விட்டுவிட்டேன். மாமாவின் ஓட்டை மாதிரி. எடுத்திருந்தால் இன்றைக்கும் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

கவுண்டரில் கூட்டம் இல்லை. திரையைப் பார்த்தேன். அப்பா எழுதிக்கொண்டிருந்தார். கேமரா இடத்தை வலமாகக் காட்டுகிறதா, அதனால் அப்பாவின் வலது கை எழுந்து எழுதுகிற மாதிரி இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பிறகு, சீ, கேமராதான் என்று ஞாபகம் வந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. அவர் கையை இறக்கினார். பலகை தெரிந்தது.

'ஃபேனைக் குறை.'

திரையில் அப்படித்தான் இருந்தது. கோணல்மாணலாக, குழந்தை எழுதின மாதிரி, ஆனால் எழுத்து. தமிழ் எழுத்து. நான் பின்னறைக்கு ஓடினேன். பலகையில் தினமும் பார்க்கிற அதே கிறுக்கல். கவுண்டருக்கு ஓடிவந்தேன். 'ஃபேனைக் குறை.' மறுபடி பின்னறை. கிறுக்கல். வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்று "என்னம்மா, கரண்ட் கிரண்ட் அடிச்சுதா?" என்றார். அப்படித்தான் இருந்தது.

பையிலிருந்த சின்னக் கண்ணாடியை எடுத்துப் பலகைக்குப் பக்கத்தில் பிடித்தேன். தம்பி, அப்பா புரட்டி எழுதியிருக்கிறார். வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் திருப்பி. ஸ்டாம்பில் எழுத்து இருக்குமே, அப்படி. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் அவர் கையால் ஒவ்வொரு எழுத்தாகப் புரட்டிக் கோத்தவர்தானே. வலது கை போனதும் இடது கை அப்படித்தான் எழுதியிருக்கிறது. டாக்டர் பார்த்தார், பயிற்சிக்காரர் பார்த்தார், அவர்களுக்குத் தெரியாது, விடு. ஸ்டாம்ப் கடையில் பிறந்து ஸ்டாம்ப் கடையிலேயே வளர்ந்த எனக்குத் தெரியவில்லை! புரட்டுகிற வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டேன், கண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது.

ஃபேனைக் குறைத்தேன். அப்பா என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கையைத் தொட்டேன், ஐஸ் மாதிரி இருந்தது.

இத்தனை மாதமாக அந்த ஒரு வரி அதுதான். அதற்கு முன்னால் பலகை நிறைய எழுதினாரே, அதெல்லாம் என்ன? இரண்டு வருடம். சூப்பர்ப்பா சூப்பர்ப்பா என்று சொல்லிச் சொல்லித் துடைத்தேன். அந்தத் துணி இப்போதும் ஆணியில் தொங்குகிறது. அதைத் தொட எனக்குப் பயமாக இருக்கிறது.

உடனே எழுது. என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா


மார்ச் 8

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு மூன்று தடவை படித்தேன். நான் சொல்லப்போவது உனக்குக் கோபத்தைத் தரும். தரட்டும்.

மார்ச் முடிந்தால் கட்டில் முடிவாகிறது. இந்த நேரம் பார்த்து அப்பா எழுத ஆரம்பித்துவிட்டார். டாக்டர் "எழுத்தை எதிர்பாக்காதீங்க" என்று சொன்னபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். கேமராவில் மங்கலாக எதையோ பார்த்திருப்பாய். நாலு கோடு சேர்ந்தால் ஆசைப்படுகிற மனசுக்கு எழுத்து மாதிரிதான் தெரியும். நீ வேண்டுமென்றே கட்டிச் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நினைப்பு எனக்கு வரவில்லை என்றும் சொல்லமாட்டேன்.

போட்டோ அனுப்பாதே. போட்டோவை எப்படி வேண்டுமானாலும் செய்யலாம், நம் கடையில் டிசைன் செய்கிற வேலையே அதுதான். ஒன்று செய். அப்பாவிடம் ஒரு கேள்வி கேள். படித்து முடித்து நான் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் அவர் என்னிடம் என்ன சொன்னார்? உனக்கு அது தெரியாது. அம்மா இருந்திருந்தால் அவளுக்கும் தெரியாது. எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். என்ன எழுதுகிறாரோ, அதை ஒரு எழுத்துகூட மாற்றாமல் எனக்கு எழுது.

சரியாக இருந்தால் நம்புகிறேன். இல்லாவிட்டால் அப்பா மார்ச் கடைசியில் அங்கே போகிறார். அதற்கு மேல் இதைப் பற்றிப் பேச்சில்லை.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

நான் பொய் சொல்கிறேன் என்று மறைமுகமாக எழுதியிருக்கிறாய். வேறு நாளாக இருந்தால் கடிதத்தைக் கிழித்து உனக்கே பார்சல் கட்டியிருப்பேன். இப்போது எனக்கு அதற்கெல்லாம் தெம்பில்லை.

உன் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் நான் என் கேள்வியைக் கேட்டேன். "அப்பா, ரெண்டு வருஷமா எழுதினீங்களே, எனக்குப் படிக்கத் தெரியலைன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்பாவுக்கு முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. பலகையில் மெதுவாக எழுதினார். நான் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

'நீ படிச்சிட்டுத்தான் துடைக்கறதா நெனச்சேன்.'

புரிகிறதா உனக்கு? ஒவ்வொரு நாளும் நான் பார்த்தேன், சிரித்தேன், சூப்பர் என்றேன், துடைத்தேன். எல்லாம் தெரிந்தேதான் மகள் கண்டுகொள்ளாமல் இருக்கிறாள் என்று அவர் நினைத்திருக்கிறார். தான் புரட்டி எழுதுவதே அவருக்குத் தெரியாது. அவர் கண்ணுக்கு அது நேர்தான். நான் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பிக் காட்டிய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. நான் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கவுண்டரில் மணி அடித்தது, நான் எழுந்திருக்கவில்லை. இதற்கு என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள், அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டாகிவிட்டது.

அதன் பிறகுதான் உன் கேள்வி. பேனாவை இடது கையில் வாங்கிக்கொண்டார். பிறகு எழுதியதை அப்படியே தருகிறேன். பலகை நிறைந்ததும் நான் துடைக்கமாட்டேன் என்றேன். அவரே தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டு எழுதினார்.

'ஒண்ணும் சொல்லலை. கிட்டப் போகலை. பேப்பர் கடைக்குப் பின்னால நின்னேன். அவன் செருப்பு வார் அறுந்துபோச்சு. சட்டைப் பட்டன் இல்லாத இடத்துல ஊக்கு குத்தியிருந்தான். அதை எடுத்துச் செருப்புல போட்டுக்கிட்டான். பஸ்ல ஏறினான். இறங்கி ரோட்டைப் பாத்தான். மறுபடி ஏறினான். அவன் ரோட்டைப் பாத்தப்ப என் கால் நகரலை. முந்தின நாள் நான் பேசின பேச்சு அப்படி. அப்புறம் அவன் அம்மாகிட்ட, அப்பா வந்தாருன்னு போன்ல சொன்னான். என்னைப் பாத்துட்டான்னு நெனச்சேன்.'

இவ்வளவுதான். எனக்கு இதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்பா வந்தார், நன்றாகப் பேசினார் என்று நீதானே அம்மாவிடம் சொன்னாய்? நானும் பக்கத்தில்தான் இருந்தேன். இது சரியான பதிலா, தப்பான பதிலா?

அக்கா


மார்ச் 19

அக்கா,

தப்பான பதில். நான் எதிர்பார்த்தது, அவர் வரவேயில்லை என்ற பதில்.

கேள்வியே ஒரு பொறி. அவர் வரவில்லை. வரவில்லை என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அம்மா அழக்கூடாது என்று வந்தார் என்று சொன்னேன். நீயாகக் கட்டிச் சொன்னால் 'பத்திரமாகப் போய் வா என்று சொன்னாராம்' என்று ஏதாவது எழுதுவாய், அதோடு மாட்டிக்கொள்வாய் என்று காத்திருந்தேன். உனக்குப் பொறி வைத்தேன், நானே போய் விழுந்தேன்.

அந்தச் செருப்பை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது? அறுந்த செருப்பு. ஊக்கைப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டதால் வழி முழுக்கச் சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தேன். அதைப் பார்த்த ஒரு ஆள் அங்கே நின்றிருக்கிறார். பேப்பர் கடைக்குப் பின்னால். நான் இறங்கி ரோட்டைப் பார்த்தேன், கடைப் பக்கம் திரும்பவில்லை. கழுத்தை ஒரு சாண் திருப்பியிருந்தால்!

கடிதத்தை ஆபீஸில் பிரித்தேன். எழுந்து போய் ஸ்விட்சுகள் அடுக்கியிருக்கிற அறையில் நின்றுகொண்டேன். அங்கே சத்தமாக இருக்கும், யாருக்கும் கேட்காது. நான் அவ்வளவு அழுவேன் என்று எனக்கே தெரியாது.

போன தடவை வந்தபோது அவர் ஒன்றை எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தாரே. அது என்ன என்று கேட்காதே. கேட்கவேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ பொய் சொல்கிறாய் என்று எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. கட்டிலை இன்று காலையிலேயே ரத்து செய்துவிட்டேன். இனி அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன். அப்பாவிடம் சொல்லிவிடு.

அந்த டிக்கை எடுத்துவிடாதே.

தம்பி


மார்ச் 25

என் அருமைத் தம்பிக்கு,

டிக்கை எடுக்கவில்லை. இனி மாமாவின் ஓட்டையை அடைத்தாலும் அடைப்பேன், அதைத் தொடமாட்டேன்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். செருப்பு வரும் இடத்தில் அவருக்குக் கண் கலங்கியது. ஊக்கை எடுத்ததால் சட்டையைப் பிடித்துக்கொண்டே போனாய் என்ற இடத்தில் தோள் குலுங்கச் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போயிற்று, ஆனால் சிரிப்புதான். பிறகு கட்டிலை ரத்து செய்துவிட்டாய் என்று படித்தேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பலகைப் பக்கம் திரும்பினார். பேனாவை அழுத்தி எழுதினார், கீச் கீச் என்று சத்தம் வந்தது.

'யாரைக் கேட்டு?'

எனக்குப் புரியவில்லை. "என்னப்பா, உங்களை அங்க அனுப்பப் போறதில்லைப்பா" என்றேன், காது கேட்காதவருக்குச் சொல்கிற மாதிரி உரக்க. அவர் முந்தின வரிக்குக் கீழே ஒரு கோடு போட்டார்.

தம்பி, எனக்கு ஓங்கி ஒன்று விழுந்த மாதிரி இருந்தது. நீ அவரைக் கேட்காமல் கட்டில் போட்டாய். நான் அவரைக் கேட்காமல் அந்தக் கட்டிலுக்காக உன்னோடு சண்டை போட்டேன். இப்போது எழுதுகிறார், படிக்கிறோம், எல்லாம் தெரிந்த பிறகும் அவரைக் கேட்காமலே ரத்து செய்திருக்கிறாய், கேட்காமலே நானும் சந்தோஷப்பட்டேன். இத்தனை நாளும் உன் கடிதங்களை நான் மாமாவுக்கு உரக்கப் படித்தபோதெல்லாம், அவர் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"சரிப்பா. தப்புதான். இப்பக் கேக்கறேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்றேன்.

'தோட்டம் இருக்குன்னான். ஆளுங்க இருக்காங்கன்னான். இங்க மெஷின் இருக்கு. நீ நல்லவ. ஆனா ஓடிக்கிட்டே இருக்கே.'

இவரை விடமாட்டேன் என்று ஊரையே கூட்டினேனே. அவருக்குப் போக வேண்டும் போல இருக்குமா என்று ஒரு நாளாவது நினைத்தேனா? கோபமும் வந்தது, மறைப்பானேன். "அப்ப நான் பாத்துக்கிட்டதெல்லாம்?" என்று கேட்டேவிட்டேன். அவர் இடது கையை நீட்டி என் தலையில் வைத்தார். மை என் நெற்றியில் ஒட்டிக்கொண்டது. சாயங்காலம் வரை அதோடுதான் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன்.

போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. முதலில் இடத்தைப் பார்க்க வேண்டுமாம். பார்த்துவிட்டுத் தான் சொல்வதாக எழுதினார். பிடித்தால் இருப்பாராம், பிடிக்காவிட்டால் இங்கேதான், ஆனால் நாற்காலியைப் பின்னறையிலிருந்து எடுத்துக் கவுண்டருக்குப் பக்கத்தில் போட வேண்டுமாம். ஆட்கள் வந்து போவதைப் பார்க்க வேண்டுமாம். நெட்வொர்க்கே அவரைத் தூரத்திலிருந்து பார்ப்பதற்காகத்தான் போட்டோம். பக்கத்தில் உட்காரவைக்கலாம் என்று நம் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை. நேற்றே நாற்காலியை முன்னால் கொண்டுவந்துவிட்டேன். இப்போது வருகிறவர்களை எல்லாம் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பலகை அவர் மடியில். அதற்கு எதிரே ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறேன்.

அந்த இல்லத்துக்குப் போன் செய்தேன். அதே தேன் குரல். கட்டில் இன்னும் போகவில்லையாம், வந்து பார்க்கலாம் என்றாள். மூன்று பேரும் சேர்ந்து போகலாம். நீ லீவு போட்டு வா.

போன தடவை உன்னிடம் எழுதிக் காட்டியது என்ன என்று கேட்காதே என்றாய். நான் கேட்கவில்லை. ஆனால் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேனே, அவர் அந்த வரியையும் கேட்டுவிட்டார். அவராகவே எழுதினார். 'ஒண்ணும் பெருசா இல்லை. சாப்பிட்டியான்னு கேட்டேன்.'

எந்த பஸ்ஸில் வருகிறாய், எத்தனை மணிக்கு என்று மறக்காமல் எழுது. அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறார். நாற்காலியோடு அவரைத் தன் பஸ்ஸில் ஏற்றிவர மாமா ஒத்துக்கொண்டுவிட்டார். தன் நாற்காலியைப் பேப்பர் கடைக்கு முன்னாலேயே நிறுத்தச் சொல்லி அப்பா எழுதியிருக்கிறார்.

இறங்கியதும் கழுத்தைத் திருப்பு.

அக்கா